உள்ளே இருவர், நலம்

கார்மோட் கோட்டை,
உழவு மாதம் 6

அன்புள்ள தங்கை நெசாவுக்கு,

உன் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும். நீயும் காரோனும் குழந்தை வில்டாவும் நலம்தானா? குழந்தை என்று எழுதியதற்கு யெல்மா அக்கா முறைக்கிறாள், பதினாறு வயதாகிறதாம். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் பார்க்காத மருமகளை நான் வேறு எப்படி நினைப்பது?

இங்கே குளிர் விட்டுவிட்டது. சதுப்பிலிருந்து பனி ஏறுவது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. வடக்கு வாசலுக்குப் புது மணி வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பழைய மணியின் சத்தத்தில் பாதிகூட இல்லை. போன வாரம் அது அடித்தது கேட்காமல் தோல் வியாபாரி ஒருவர் வெளிச்சந்தையிலேயே நின்றுவிட்டார். பனிவாய் அவரை எடுத்துக்கொண்டது, பனி விலகியதும் உடல்தான் கிடந்தது. இப்போது பனி இறங்கும்போதெல்லாம் அவருடைய குரல் மதிலுக்கு வெளியே நின்று ஆட்டுத்தோலுக்கு விலை சொல்கிறது. என்னோடு காவல் நிற்கும் புர்க் மேலேயிருந்து பேரம் பேசுகிறான். சிரிக்கக் கூடாதுதான், ஆனால் சிரித்துவிட்டேன்.

அக்காவின் வெங்காய அப்பத்துக்கு வெளிச்சந்தையில் நல்ல கூட்டம். ஒற்றைக்கண் பூனை ஒன்றை வீட்டுக்குள் சேர்த்திருக்கிறாள். என் படுக்கை இப்போது அதனுடையது.

உள்ளே இருவர், நலம்.

உன் அண்ணன்,
தொரெக்

அடியே நெசா, மிச்ச இடத்துல நான் எழுதுறேன். இவன் பூனையப் பத்திக் கோள் சொல்லுறானே, அதக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் குறட்ட விடுறதே இவன்தான். கோடைச் சந்தைக்கு உன் மகளக் கூட்டிட்டு வா. என்னய மாதிரியே பேசுறாளாமே! ஒருத்தி பத்தாதுன்னு ஊரு கதறட்டும். வாசல் சொல் ஞாபகம் இருக்கா? மறந்துட்டேன்னு வந்து நின்ன, உங்கண்ணன் சட்டம் பேசுவான். மரமண்டை. - யெல்மா


லோவன் துறை,
பூ மாதம் 2

அன்புள்ள அண்ணனுக்கும் அக்காவுக்கும்,

உங்கள் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும். அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்கா, உன் இருமல் விட்டதா?

நேற்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கொல்லையில் யாரோ வாத்தைத் திட்டும் சத்தம் கேட்டது. "ஏய் குண்டி ஆட்டி, நீ என்ன மகாராணியா? நட!" அக்கா வந்துவிட்டாள் என்று கையில் மாவோடு ஓடினேன். பார்த்தால் வில்டா. பெரியம்மாவை அவள் கண்ணால் கண்டதில்லை. குரலும் திமிரும் எங்கிருந்து வந்தனவோ. காரோன் படகிலிருந்து இறங்கும்போதே, "உங்கக்கா இன்னிக்கு நல்லா இருக்காளா?" என்றுதான் மகளை விசாரிக்கிறார்.

வாசல் சொல் மறக்குமா? அப்பா இறந்த அன்று பழைய சொல்லை மாற்ற வேண்டும் என்றதும், அக்கா இப்படி ஒரு சொல்லை வைத்தாளே! இழவுச் சாப்பாட்டில் நானும் அவளும் சிரிப்பை அடக்க ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டதில் என் தொடை கன்றிப்போனது. எழுதத்தான் கூடாது. எழுதலாம் என்றால் இந்தக் கடிதம் முழுக்க அதையே எழுதுவேன்.

கோடைச் சந்தைக்கு வருகிறோம். வில்டா சுடும் வெங்காய அப்பம் கரியாகிறது. அக்கா தன் கையால் பக்குவம் எழுதி அனுப்ப வேண்டும்.

உள்ளே மூவர், நலம்.

நெசா


கார்மோட் கோட்டை,
தேனீ மாதம் 19

அன்புள்ள நெசாவுக்கு,

உன் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும். காரோனும் வில்டாவும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வாசலில் வேலை அதிகம்.

இந்த வருடம் கோடைச் சந்தைக்கு வர வேண்டாம். கம்பளி வியாபாரிகள் பாதிப் பேர் தெற்குப் பக்கம் போய்விட்டார்கள். சந்தையில் ஒன்றுமிராது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவின் இருமலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது அவளுக்கு இருமல் இல்லை. எந்த வலியும் இல்லை.

அப்பத்துக்குப் பக்குவம்: வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, ஆட்டுப் பாலாடைக்கட்டியோடு வதக்கி, மாவுக்குள் வைத்துச் சுடவும். தீ குறைவாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
தொரெக்


லோவன் துறை,
கதிர் மாதம் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும். நீ நலம்தானா? நிஜமாகவே கேட்கிறேன்.

வெங்காய அப்பத்தில் பாலாடைக்கட்டியா? அக்கா அந்தப் பக்குவத்தைக் கேட்டிருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள். வெங்காயத்தை அவள் ஒருநாளும் பொடியாக அரிய மாட்டாள். அவளுக்குத் தெரியாமல் நீயே எழுதியிருக்கிறாய் என்று குழந்தைகூடச் சொல்லும். அவளுக்குக் கை ஒடிந்துவிட்டதா, ஒரு வரி எழுத முடியாமல்?

கடிதம் கொண்டுவந்த உப்பு வண்டிக்காரர் கோப்பிடம், "எங்கக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "குதிரைக்குத் தண்ணி காட்டணும்மா" என்று எழுந்து போனார். திரும்பி வந்ததும் மறுபடி கேட்டேன். மறுபடியும் குதிரைக்குத் தண்ணீர். அந்தக் குதிரை வெடித்துச் செத்தால் பாவம் என்னுடையது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே எத்தனை பேர் என்று எழுதாமல் கடிதத்தை முடித்திருக்கிறாய். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் தேடினேன். காரோன்தான் சமாதானம் சொன்னார், அவசரத்தில் விட்டிருப்பார் என்று.

இரண்டு பேருக்கும் சண்டைதானே? பூசி மெழுகாமல் சொல்.

உள்ளே மூவர், நலம்.

நெசா


கார்மோட் கோட்டை,
கதிர் மாதம் 21

அன்புள்ள நெசாவுக்கு,

உன் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும். எண்ணிக்கை எழுத மறந்தது என் தவறு. மன்னித்துவிடு.

நீ ஊகித்தது சரி, சண்டைதான். வாசலில் வைத்து நடந்தது. அவள் விளையாடினாள், நான் சட்டம் பேசினேன். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, நாலு பேர் எதிரில் என்னைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வாசல் தலைவர் பக்கத்தில் நின்றதால் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. அதிலிருந்து அவள் முன்போல என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கோப் அதைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். அவரிடம் இனிக் கேட்காதே.

முழங்கால் பரவாயில்லை. காதில்தான் ஒரு தொந்தரவு. பனி நாளில் காவலுக்கு நிற்கும்போது இரண்டு காதிலும் தேன்மெழுகு வைத்து அடைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்தால் தாங்க முடிகிறது.

உள்ளே இருவர், நலம்.

உன் அண்ணன்,
தொரெக்


லோவன் துறை,
அறுப்பு மாதம் 10

அண்ணா, அக்கா,

உங்கள் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும்.

காரோன் போய்விட்டார். ஆற்றுக் கொள்ளையர் நாணல் தீவருகே படகை மறித்திருக்கிறார்கள். நான்காம் நாள் உடல் கரை ஒதுங்கியது. பூட்ஸை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போன குளிர்காலத்தில் வாங்கிக் கொடுத்த பூட்ஸ்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மேலாற்றில் மூன்று ஊர்களை எரித்துவிட்டார்கள். ஆண்களைக் கொல்கிறார்கள், வயதுப் பெண்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். எங்கள் ஊருக்கு இருப்பது முள்வேலி மட்டும். உங்களுக்குக் கல் மதில் இருக்கிறது.

வில்டாவை உங்களிடம் அனுப்புகிறேன். காரோன் போனதும் மாமியாரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், படுக்கையில் கிடக்கிறாள், அவளை விட்டு நான் வர முடியாது. மகளாவது பிழைக்கட்டும். வாசல் சொல்லை அவள் காதோடு சொல்லிக் கொடுத்துவிட்டேன். காரோன் போனபிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள். பிறந்த வீட்டுச் சொல் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தானே. வீட்டில் ஒரு சாவு விழாதவரை சொல் மாறாது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பதுதான் என் மகளுக்குச் சாவி.

எப்போது அனுப்பட்டும் என்று உடனே எழுது, அண்ணா.

உள்ளே மூவர், மாமியாரையும் சேர்த்து.

நெசா


கார்மோட் கோட்டை,
அறுப்பு மாதம் 26

அன்புள்ள நெசாவுக்கு,

காரோனின் செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என்னிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. உனக்கு என்ன ஆறுதல் சொல்வேன்?

ஆனால் வில்டாவை இப்போது அனுப்ப வேண்டாம். சுற்று வட்டாரத்திலிருந்து ஜனங்கள் வந்து குவிந்து, கோட்டைக்குள் கால் வைக்க இடமில்லை. பனியும் இந்த வருடம் முன்கூட்டியே ஏறுகிறது. வழி நல்லதல்ல. குளிர் கழியட்டும். வசந்தத்தில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

சொன்னபடி கேள். காரணம் இருக்கிறது.

உள்ளே இருவர், நலம்.

தொரெக்


லோவன் துறை,
இலையுதிர் மாதம் 11

அண்ணனுக்கு,

உன் கதவு உள்ளிருந்தே திறக்கட்டும். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. திறக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

இடமில்லையா? பூனைக்கு இடம் இருக்கிறது, என் மகளுக்கு இல்லையா? வசந்தம் வரை கொள்ளையர் காத்திருப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது? நேற்று ஹோல்மில் புகை எழுந்ததை எங்கள் கூரையிலிருந்தே பார்த்தோம். ஹோல்ம் இங்கிருந்து அரை நாள் நடை.

இது நீ எழுதும் எழுத்தே இல்லை. அக்கா வேண்டாம் என்கிறாளா? அப்படியானால் அவள் கையால் எழுதட்டும். ஒரே ஒரு வரி, "உன் மகள் எனக்கு வேண்டாம்" என்று. அதைப் படித்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்கிறேன். என்னைத் தூக்கி வளர்த்தவள் அப்படி எழுத மாட்டாள். எனக்குத் தெரியும். அதனால்தான் நீ அவளிடம் பேனாவைக் கொடுக்க மறுக்கிறாய்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உள்ளே மூவர்.

நெசா


கார்மோட் கோட்டை,
இலையுதிர் மாதம் 27

அன்புள்ள நெசாவுக்கு,

உன் கதவு என்றும் உள்ளிருந்தே திறக்கட்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அனுப்பு. வில்டாவை அனுப்பு.

ஒன்றே ஒன்று. அவள் வாசலுக்கு வரக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மார்கித் அம்மாளின் சத்திரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆள் அனுப்பட்டும். வெயில் நாள் பார்த்து நானே வெளியே போய் அவள் கையைப் பிடித்து அழைத்து வருவேன். எது நடந்தாலும் வாசலில் நின்று நம் வீட்டுச் சொல்லைச் சொல்லக் கூடாது. ஏன் என்று கடிதத்தில் கேட்காதே. அவளை என் வீட்டில் சேர்த்தபிறகு எல்லாவற்றையும் எழுதுகிறேன். அதன்பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவும் இதையேதான் சொல்லச் சொன்னாள்.

உள்ளே இருவர், நலம்.

தொரெக்


லோவன் துறை,
இலையுதிர் மாதம் 30

அண்ணா,

உன் கதவு உள்ளிருந்தே திறக்கட்டும். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவள்தான் வில்டா. மெலிந்திருக்கிறாள், சோறு போடு.

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நேற்று மாலைக்குள் பக்கத்துத் துறையை எரித்துவிட்டார்கள். கோப் இன்று கிளம்புகிறார், அடுத்த வண்டி எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீ வேண்டாம் என்றே எழுதியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. சரியான சொல்லைச் சொன்னவர்களுக்குக் கதவைத் திறப்பது உன் விருப்பமில்லை, உன் கடமை. அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

மதிலைக் கண்டதும் யாருக்கும் காத்திராமல் ஓடு, கதவடியில் நின்று சொல்லைச் சொல் என்று அவளிடம் பத்து முறை சொல்லியிருக்கிறேன். "மாமா என்னய அடையாளம் கண்டுபுடிப்பாராம்மா?" என்று கேட்டாள். "வாயத் தெறந்தா போதும்டி, உங்க மாமன் கண்டுபுடிச்சிருவான்" என்றேன்.

அக்கா, இவள் உன்னைப் போலவே வாயாடி. அடிக்காதே. அடித்தாலும் பாசத்தோடு அடி.

உள்ளே இனி இரண்டு கிழவிகள். நலம், இவள் உங்களிடம் வந்து சேர்ந்தால்.

நெசா


கார்மோட் கோட்டை,
முதற்பனி மாதம் 15

நெசா,

கதவைச் சொல்லி உன்னை வாழ்த்த எனக்கு இனி வாயில்லை.

உன் கடிதம் கிடைத்தது. வில்டாவால் அதை என் கையில் கொடுக்க முடியவில்லை. அவள் சட்டைக்குள்ளிருந்து நான்தான் எடுத்தேன். உன் மகள் இறந்துவிட்டாள். வடக்கு வாசலுக்கு வெளியே, கதவிலிருந்து ஏழடி தூரத்தில். திறக்காதவன் நான்.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யெல்மா அக்கா பூ மாதம் பதினொன்றாம் நாளே போய்விட்டாள். அப்பத்துக்குப் பக்குவம் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்தபோது அவளைப் புதைத்து மூன்று நாள்.

நடுப்பகலில் திடீரென்று பனி ஏறியது. மணி அடித்தோம். அப்பத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா கடைசியாக வந்து கதவடியில் நின்றாள். பனி அப்போது பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. நான் மேலேயிருந்து, "எந்த வீடு? சொல் என்ன?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"தெறடா மரமண்ட, அப்பம் ஆறுது."

"வாசல் சொல்லச் சொல்லுக்கா."

"எம் மூஞ்சி தெரியலயா உனக்கு? காலையில உன் கால்சட்டையத் தொவச்சுப் போட்டவடா நானு."

காவலர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாசல் தலைவர் சிரிக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. விறைத்துக்கொண்டு இரண்டாவது முறை கேட்டேன், அவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். மூன்றாவது முறை நான் கேட்டபோது பனி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சொல்லைக் கத்தினாள். அடுத்த மூச்சிலேயே அதே சொல்லைப் பனிக்குள்ளிருந்து பத்துக் குரல் கத்தியது. பத்தும் அவள் குரல். அதற்குப் பிறகு கதவைத் திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது. நான் திறக்கவில்லை.

அந்தச் சொல்லை இனி எழுதினால் குற்றமில்லை. பனிக்கே தெரிந்துபோன சொல். "வெங்காயத்தோல்". அன்றிலிருந்து ஒவ்வொரு பனி நாளும் அக்கா கதவடியில் வந்து நின்று, "தொரெக் வீடு, வெங்காயத்தோல்" என்று கூப்பிட்டாள். சில நாள் சிரித்துக்கொண்டு, சில நாள் அலறிக்கொண்டு. காதில் மெழுகு வைத்தது அதற்குத்தான். காதில் எனக்கு நோயே இல்லை.

உனக்கு எழுத உட்கார்ந்து நாலு கடிதம் கிழித்தேன். நம் வீட்டுச் சொல் மாறிவிட்டது என்று எழுதினாலே அக்கா செத்தது தெரிந்துவிடும். எப்படிச் செத்தாள் என்று கேட்பாய். கோப்பின் காலைப் பிடித்து, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். உள்ளே இருவர் என்று எழுதியபோதெல்லாம் பூனையைச் சேர்த்து எண்ணினேன்.

மூன்று நாளுக்கு முன், உச்சி வேளையில், உப்பு வண்டிகள் பாலத்துக்கு வரும்போது பனி இறங்கியது. வழக்கம்போல வண்டிகளை வட்டமாக நிறுத்தி, சுற்றிலும் தீ மூட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கோப் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இரு தாயி, இரு தாயின்னு கையப் புடிச்சேன். மதில் தெரியுதே, எங்கம்மா ஓடச் சொல்லியிருக்காங்கன்னு உதறிட்டுக் குதிச்சிருச்சு. பன்னண்டு நாள் கூட வந்த புள்ள. உங்கக்கா சங்கதிய நான் வழியிலயே சொல்லித் தொலச்சிருக்கணும். உன் பேச்சக் கேட்டேன் பாரு."

நான் மதில்மேல் நின்றேன். காதில் மெழுகு. புர்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் தன் காதைப் பிடித்துக் காட்டினான். உன் அக்கா வந்திருக்கிறாள் என்று எங்களுக்குள் சைகை. நான் தலையை ஆட்டினேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் காட்டினான், மறுபடியும் ஆட்டினேன். மூன்று முறை.

காவல் முடிந்து கூழ் குடிக்க உட்கார்ந்தோம். நான் மெழுகை எடுத்தேன். புர்க் சிரித்துக்கொண்டே கேட்டான், "உங்கக்காவுக்கு இன்னிக்கு என்னடா ஆச்சு? புதுசா மாமா மாமான்னு கூப்புட்டா. அவளுக்கு யாருடா மாமா?"

எந்த அக்காவும் தம்பியை மாமா என்று கூப்பிட மாட்டாள். பனிவாய் கேட்ட பேச்சைத்தான் திருப்பிச் சொல்லும், தானாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காது. இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். புர்க் பழகிப்போன கேலியில் அதை யோசிக்கவில்லை, காது அடைத்திராவிட்டால் நான் யோசித்திருப்பேன்.

ஓடினேன். பனி விலகும்வரை கதவை விட மாட்டோம் என்று நாலு பேர் என்னைக் கீழே தள்ளி அமுக்கிக்கொண்டார்கள். விலகியபிறகு என் மருமகளை முதல்முறையாகப் பார்த்தேன். அவளுக்கு உன் மூக்கு, நெசா.

அக்காவின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது மெழுகு வைப்பதில்லை. வெளியே இரண்டு பேர் நின்று கூப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே குரல். ஒன்று மட்டும் மாமா என்கிறது.

உள்ளே ஒருவன்.

தொரெக்


லோவன் துறை,
அடர்பனி மாதம் 3

தொரெக்,

உன் கடைசிக் கடிதம் வந்தது. அதற்கு முந்தையதும் வந்தது, வில்டா கிளம்பி ஒன்பதாம் நாள். சத்திரத்தில் உட்கார வை, சொல்லைச் சொல்ல விடாதே என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வண்டித் தடத்தில் செருப்பில்லாமல் ஓடினேன். கரைக்காரர்கள் பிடித்துக் கொண்டுவந்து போட்டார்கள். அதே கடிதத்தில் அக்கா சொல்லச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். மாதக்கணக்காக மண்ணுக்குள் கிடப்பவளை எனக்காகப் பேச வைத்திருக்கிறாய். உனக்கு எப்படிக் கை வந்தது?

அக்காவுக்குத் திறக்காததற்கு உன்னை வைய மாட்டேன். அவள் விளையாடியிருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். நீ அன்றே எழுதியிருந்தால் நானும் அழுதிருப்பேன், உன்னையும் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டே வரி போதும். அக்கா போய்விட்டாள். சொல் மாறிவிட்டது. அந்த இரண்டு வரி இல்லாமல்தான் என் பிள்ளை செத்தது.

ஓடு என்று சொன்னவள் நான். அதையும் மறக்கவில்லை.

கொள்ளையர் எங்கள் ஊருக்கு வரவில்லை. முதல் வாரக் குளிரிலேயே ஆறு உறையத் தொடங்க, படகு சிக்கிக்கொள்ளும் என்று கீழாற்றுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இங்கே ஒரு கோழிகூடக் குறையவில்லை. அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் உறைந்த ஆற்றில் சறுக்கி விளையாடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமியாரும் போன வாரம் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் எனக்கு வேலையில்லை. கோப் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார், ஆனால் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நானும் மதிலைக் கண்டதும் இறங்கிவிடுவேன். பனி இறங்கும் நாளாகப் பார்த்துத்தான் வருவேன்.

உன் புதுச் சொல்லை எனக்குச் சொல்லி அனுப்பாதே, எனக்கு அது வேண்டாம். கதவடியில் நின்று வெங்காயத்தோல் என்றுதான் சொல்வேன். என் குரல் அக்காவைப் போல இருக்காது, வில்டாவைப் போலவும் இருக்காது. உனக்குத் தெரியும். திறப்பதும் திறக்காததும் உன் பாடு.

அன்றைக்கும் காதில் மெழுகு வைக்காதே, அண்ணா.

வெளியே இருவர் நிற்கிறார்கள். என்னோடு மூவர்.

நெசா